முகம் சாய்ந்தால் நிரலுக்கு ஏன் தெரிவதில்லை? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே குறையைச் சொல்கின்றன. நேராக இருக்கும் முகத்தைச் சட்டென்று பிடிக்கிற நிரல், முகம் சாய்ந்ததும் ஒன்றுமே இல்லை என்கிறது. பதில்களுக்குப் போகுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். முகம் மூன்று விதமாகத் திரும்பும். கடிகார முள் போலப் படத்தின் தளத்துக்குள்ளேயே சுழல்வது ரோல். இடம் வலமாகத் திரும்பிப் பக்கவாட்டைக் காட்டுவது யா. குனிவதும் நிமிர்வதும் பிட்ச். படத்தைச் சுழற்றிச் சரிசெய்ய முடிவது ரோல் மட்டும்தான். மற்ற இரண்டில் முகத்தின் ஒரு பகுதி படத்திலேயே இருக்காது. இல்லாததை எந்தச் சுழற்சியும் கொண்டுவராது. உங்கள் சிக்கல் எந்த வகை என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: போனில் எடுத்த படங்கள் கணினித் திரையில் நேராகத்தான் தெரிகின்றன. ஆனால் பைத்தான் நிரலில் கொடுத்தால் பல படங்களில் ஒரு முகம்கூடக் கிடைப்பதில்லை. முகம் தேடும் மாடலை மாற்ற வேண்டுமா?
(புகைப்பட நிலைய உரிமையாளர், காரைக்குடி)

மாடலைத் தொடாதீர்கள். முதலில் நிரல் பார்க்கும் படத்தை அப்படியே ஒரு பிஎன்ஜி கோப்பாகச் சேமித்துத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அது பக்கவாட்டில் படுத்திருக்கும்.

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் கேமரா சென்சார் படுக்கைவாட்டில்தான் பதிகிறது. "பார்ப்பவர் இதை இப்படித் திருப்பிக்கொள்ளவும்" என்ற குறிப்பு படம் எடுத்த விவரங்களை வைத்திருக்கும், ஜேபெக் கோப்பின் எக்ஸிஃப் பகுதியில் 274 என்ற எண்ணுள்ள குறியில் எழுதப்படுகிறது. அதன் மதிப்பு 1 முதல் 8 வரை. 1 என்றால் திருப்ப வேண்டாம். 3 என்றால் 180 பாகை, 6 என்றால் வலஞ்சுழியாக 90, 8 என்றால் இடஞ்சுழியாக 90. மிச்சமுள்ள 2, 4, 5, 7 நான்கும் கண்ணாடிப் பிம்பத்தோடு சேர்ந்தவை. படம் காட்டும் மென்பொருளும் உலாவியும் இந்தக் குறிப்பைப் படித்துத் தாமே திருப்பிவிடுவதால் உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது.

பில்லோ, ஓப்பன்சிவி போன்ற நிரல் நூலகங்களில்தான் குழப்பம். பில்லோ படத்தைத் திறக்கும்போது திருப்பாது. அதன் இமேஜ்ஆப்ஸ் பகுதியில் உள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் செயற்கூற்றை நீங்களே அழைக்க வேண்டும். ஓப்பன்சிவியின் வழக்கமான படிப்பு ஜேபெக்கைத் திருப்பித் தருகிறது, ஆனால் 'மாற்றாமல் படி' என்ற தெரிவைக் கொடுத்தால் திருப்பாது. ஒரே திட்டத்தில் ஒருவர் பில்லோவிலும் இன்னொருவர் ஓப்பன்சிவியிலும் படித்தால், ஒரே கோப்பு இரண்டு திசையில் வரும்.

இதைவிட மோசமான வடிவம் ஒன்று உண்டு. முகத்தைச் சுற்றிக் கட்டம் வரைந்து பயிற்சித் தரவு தயாரிப்பவர் உலாவியில் வரைகிறார். உலாவி படத்தைத் திருப்பிக் காட்டுகிறது. பயிற்சி நிரலோ திருப்பாமல் படிக்கிறது. கட்டம் எங்கோ, முகம் எங்கோ. எச்சரிக்கை எதுவும் வராது, மாடல் மட்டும் காரணம் தெரியாமல் மந்தமாகும். எல்லாப் படங்களையும் நுழைவாயிலிலேயே ஒருமுறை திருப்பி, குறியை நீக்கிச் சேமித்துவிட்டால் இந்தத் தொல்லை அதோடு போகும். பிக்சலைத் திருப்பிவிட்டுப் பழைய குறியை அப்படியே விட்டால் அடுத்த மென்பொருள் இரண்டாம் முறை திருப்பிவிடும். கவனம்.

செய்திச் செயலிகள் வழியாக வரும் படங்களில் பெரும்பாலும் எக்ஸிஃப் இருக்காது. அவை படுத்திருந்தால், கீழே சொல்லும் நான்கு திசைச் சோதனைதான் வழி.

கேள்வி: வயோலா–ஜோன்ஸ் முறையில் 45 பாகை சாய்ந்த அம்சங்கள் உண்டு என்று படித்தேன். அப்படியானால் ஓப்பன்சிவியின் ஹார் கேஸ்கேட் 45 பாகை சாய்ந்த முகத்தைப் பிடிக்க வேண்டுமே, ஏன் பிடிக்கவில்லை?
(பொறியியல் மாணவி, திருச்சி)

அம்சம் (பக்கத்துப் பக்கத்துச் செவ்வகங்களின் வெளிச்ச வித்தியாசத்தை அளக்கும் சோதனை) சாய்ந்திருப்பது வேறு, முகம் சாய்ந்திருப்பது வேறு. 2002-ல் லீன்ஹார்ட்டும் மேட்டும் சேர்த்த சாய்ந்த செவ்வகங்கள், நேரான முகத்துக்குள் இருக்கும் சாய்ந்த விளிம்புகளை அளப்பதற்கானவை. எந்த முகத்தைப் பிடிக்கும் என்பதைத் தீர்மானிப்பது பயிற்சிப் படங்கள்தான். அவற்றில் முகங்கள் எல்லாம் நிமிர்ந்து நின்றன.

ஹார் கேஸ்கேட்டுக்கு அடிப்படையாக, பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் 2001-ல் வெளியிட்ட முறை 24-க்கு 24 பிக்சல் ஜன்னலைப் படம் முழுவதும் நகர்த்துகிறது. ஒன்றன்பின் ஒன்றாக 38 சோதனைப் படிகள், மொத்தம் 6,000-க்கும் மேற்பட்ட அம்சங்கள். முதலில் தேர்வான அம்சங்களில் ஒன்று கண் பகுதி கன்னத்தின் மேற்பகுதியைவிட இருண்டிருக்கிறதா என்று பார்க்கிறது. மற்றொன்று இரு கண்களும் மூக்குத் தண்டைவிட இருண்டிருக்கின்றனவா என்று. முகத்தைத் தலைகீழாக்கினால் முதல் அம்சத்தில் கூட்டல் கழித்தல் மாறிவிடும். முதல் படியிலேயே ஜன்னல் தள்ளுபடி. வேகத்துக்காக வைத்த அதே விரைவுத் தள்ளுபடிதான் சாய்ந்த முகத்தையும் வெளியேற்றுகிறது. தளத்துக்குள் சுமார் 15 பாகை வரையிலும், பக்கவாட்டில் சுமார் 45 பாகை வரையிலும் இந்த முறை தாங்கும் என்று அதன் ஆசிரியர்களே எழுதியிருக்கிறார்கள்.

சுழற்சிக்குத் தனி விடை அதற்கு முன்பே இருந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோலி, பலூஜா, கனாடே மூவரும் 1998-ல் இரண்டு நரம்பியல் வலைப்பின்னல்களைத் தொடராக வைத்தார்கள். முதல் வலை 20-க்கு 20 ஜன்னலைப் பார்த்து, "இது முகமாக இருந்தால் எவ்வளவு சாய்ந்திருக்கும்" என்று மட்டும் சொல்லும். 10 பாகைக்கு ஒன்றாக 36 வெளியீடுகள். ஜன்னலை அந்த அளவுக்கு நிமிர்த்திய பிறகு இரண்டாம் வலை, முகமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும். முகமே இல்லாத ஜன்னலுக்கும் முதல் வலை ஏதோ ஒரு கோணம் சொல்லும். அதனால் நட்டமில்லை, இரண்டாம் வலை தள்ளிவிடும். 2003-ல் ஜோன்ஸும் வயோலாவும் இதே யோசனையைத் தங்கள் செவ்வக அம்சங்களுக்குக் கொண்டுவந்தார்கள்: 30 பாகைக்கு ஒன்றாக 12 கண்டறிவான்கள். செவ்வக அம்சத்தை 90 பாகை திருப்பினாலும் அது செவ்வக அம்சமே என்பதால் எல்லாவற்றுக்கும் தனித்தனியே பயிற்சி தேவைப்படவில்லை. முதலில் கோணம், பிறகு தீர்ப்பு என்ற இந்த அமைப்பு இன்றைய முறைகளிலும் வேறு உடையில் தொடர்கிறது.

கேள்வி: படத்தைச் சிறிது சிறிதாகச் சுழற்றி ஒவ்வொரு கோணத்திலும் கண்டறிதலை ஓட்டுகிறேன். ஒரே முகம் ஐந்தாறு முறை வருகிறது, ஓரத்தில் இருப்பவர்கள் காணாமல் போகிறார்கள், சுவரிலும் மரத்திலும் முகம் காட்டுகிறது. எப்படி ஒழுங்குபடுத்துவது?
(மென்பொருள் பொறியாளர், சென்னை)

மூன்றும் தனித்தனி நோய்கள்.

ஓரத்து மனிதர்கள் காணாமல் போவது சட்டகத்தின் அளவால். சுழற்றிய படத்தைப் பழைய அகல உயரத்துக்குள்ளேயே வைத்தால் மூலைகள் வெட்டுப்படும். புதிய அகலம் = உயரம் × சைன் + அகலம் × கோசைன். புதிய உயரம் = உயரம் × கோசைன் + அகலம் × சைன். சைன், கோசைன் இரண்டிலும் கூட்டல் கழித்தல் குறியை விட்டு அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு சுழற்சி அணியின் கடைசி நெடுவரிசையில், புதிய மையத்துக்கும் பழைய மையத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்ட வேண்டும். இந்தக் கடைசிப் படியை விட்டால் சட்டகம் பெரிதாகியும் படம் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். 1920-க்கு 1080 படம் 30 பாகை சுழன்றால் சுமார் 2203-க்கு 1895 ஆகிறது. பிக்சல் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பு. 30 பாகைக்கு ஒன்றாக 12 முறை ஓட்டினால் மொத்த வேலை 12 மடங்கில் நிற்காது, 20 மடங்கை எட்டும்.

கூடுதலாகத் திறக்கும் மூலைகளை எதை வைத்து நிரப்புவது? பிரதிபலிப்பு என்ற தெரிவைக் கொடுத்தால் ஓரத்தில் இருக்கும் முகங்கள் மூலையில் கண்ணாடிப் பிம்பமாக மீண்டும் தோன்றும், நிரலும் அவற்றை உண்மை முகமாக எண்ணிவிடும். ஒரே நிறத்தால் நிரப்புங்கள். கறுப்பைவிட நடுத்தரச் சாம்பல் நல்லது, விளிம்பில் கடுமையான கோடு விழாது. சுழற்றிய படத்தையே மறுபடி சுழற்றவும் கூடாது. ஒவ்வொரு கோணத்துக்கும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். இல்லாவிட்டால், பிக்சல்களை மறுபடி கணக்கிடும் இடைக்கணிப்பின் மங்கல் ஒவ்வொரு சுற்றிலும் கூடிக்கொண்டே போகும். 90-ன் மடங்குகளுக்கு அணி வேண்டாம். நேரடித் திருப்பல் போதும், அதில் ஒரு பிக்சலும் மாறாது.

எத்தனை பாகைக்கு ஒரு முறை சுழற்றுவது என்பது கண்டறிவானைப் பொறுத்தது. ஹார் கேஸ்கேட் 15 பாகை தாங்கும் என்றால் 30 பாகை இடைவெளி கணக்குக்குச் சரிதான், ஆனால் எல்லையில் பிடிக்கும் திறன் ஏற்கெனவே சரிந்திருக்கும். 20 பாகை வையுங்கள், 18 சுற்று. இன்றைய வலைப்பின்னல் கண்டறிவான்கள் பல இதைவிடச் சாய்வைத் தாங்குவதால் 0, 90, 180, 270 என்ற நான்கே போதுமானதாக இருக்கலாம். ஊகிக்க வேண்டாம். முகமுள்ள ஐம்பது படங்களை 10 பாகைக்கு ஒருமுறை திருப்பி, எந்தக் கோணத்தில் எத்தனை சதவீதம் பிடிபடுகிறது என்று வரைபடம் போடுங்கள். 45 பாகையில் வளைவு விழாமல் நின்றால் நான்கு சுற்று போதும். விழுந்தால் எட்டு.

இனி ஒரே முகம் பலமுறை வருவது. ஒவ்வொரு சுற்றிலும் கிடைத்த கட்டத்தை மூலப் படத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்துதான் ஒப்பிட முடியும். இங்கே பலர் கட்டத்தின் நான்கு மூலைகளைத் திருப்பி, அவற்றைச் சுற்றி ஒரு புதிய நேர்க்கட்டம் போடுகிறார்கள். 45 பாகையில் அந்தப் புதிய கட்டத்தின் பக்கம் 1.41 மடங்கு, பரப்பு சரியாக இரண்டு மடங்கு. ஒரே முகத்தின் இரண்டு கட்டங்கள் மையம் பிசகாமல் இருந்தாலும் அவற்றின் பொதுப்பரப்பு விகிதம் (இரண்டுக்கும் பொதுவான பரப்பை இரண்டும் சேர்ந்து மூடும் பரப்பால் வகுத்தது) 0.5 மட்டுமே. ஒரே முகம் என்று கொள்ளும் வரம்பு 0.5-க்கு மேல் இருந்தால் இரண்டும் தனி முகங்களாகத் தங்கிவிடும். வரம்பைக் குறைத்தால் கூட்டப் படத்தில் நெருங்கி நிற்பவர்கள் ஒருவராகிவிடுவார்கள். மூலைகளை விடுங்கள். மையத்தையும் பக்க நீளத்தையும் மட்டும் கொண்டுவாருங்கள். நீளம் சுழற்சியால் மாறாது. இரண்டு மையங்களின் தூரம் முக அகலத்தின் மூன்றில் ஒரு பங்குக்குள், அளவும் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் ஒரே முகம் என்று கொள்ளலாம். அதிக நம்பிக்கை மதிப்பெண் பெற்ற சுற்றின் கோணத்தை அந்த முகத்தோடு சேர்த்து எழுதிவையுங்கள். அடுத்த வேலை எதுவானாலும் அந்தக் கோணம் வேண்டியிருக்கும்.

மையத்தை மூலப் படத்துக்குக் கொண்டுவர, சுழற்சி அணியின் நேர்மாறை எடுத்துப் பெருக்கினால் போதும். 90 பாகை வலஞ்சுழிக்கு நேரடிச் சூத்திரம்: மூல எக்ஸ் = திருப்பிய ஒய்; மூல ஒய் = மூல உயரம் − 1 − திருப்பிய எக்ஸ்.

சுவரில் தோன்றும் முகத்துக்கும் இங்கேயே மருந்து இருக்கிறது. 18 சுற்று ஓட்டினால் பொய் முகங்களுக்கும் 18 வாய்ப்பு. ஆனால் உண்மை முகம் ஒரு கோணத்தில் பிடிபட்டால் பக்கத்துக் கோணத்திலும் சற்றுக் குறைந்த மதிப்பெண்ணோடு பிடிபடும். மரப்பட்டையில் தற்செயலாக அமைந்த முகம் ஒரே கோணத்தில் மின்னி மறையும். அடுத்தடுத்த இரண்டு கோணங்களில் வந்தால்தான் ஏற்பது என்று விதி வையுங்கள். நான்கே சுற்று ஓட்டுபவருக்கு இது பொருந்தாது; அவர்கள் மதிப்பெண் வரம்பை உயர்த்திக்கொள்ளட்டும்.

நேரம் மிச்சம் பிடிக்க, "நேரான படத்தில் முகம் இல்லாவிட்டால் மட்டும் சுழற்று" என்று எழுதுவோர் உண்டு. தனியாள் படத்துக்குச் சரி. புல்வெளியில் வட்டமாகப் படுத்தபடி எடுத்த நண்பர்கள் படத்தில் ஒருவர் மட்டும் கிடைத்து மற்றவர்கள் போய்விடுவார்கள். நீண்ட பக்கத்தை 640 பிக்சலுக்குச் சுருக்கி எல்லாக் கோணத்தையும் பார்த்துவிட்டு, ஐயமுள்ள இடங்களை மட்டும் முழு அளவில் மறுபடி பார்ப்பது நல்ல வழி.

கேள்வி: மேலே சொன்ன பொதுப்பரப்புக் கணக்கு, முடிவுகளை மதிப்பிடும்போதும் இடிக்குமா?
(அதே வாசகரின் துணைக்கேள்வி)

இடிக்கும். 30 பாகையிலேயே விகிதம் 0.54-க்கு இறங்கிவிடும். மதிப்பீட்டில் 0.5 என்ற வரம்பு வழக்கமாக இருப்பதால், ஒரு நல்ல கண்டறிதல் நூலிழையில் தோற்கும். 2010-ல் வந்த எஃப்டிடிபி தொகுப்பில் 2,845 படங்களில் 5,171 முகங்களைக் கட்டத்தால் குறிக்காமல் சாய்வுள்ள நீள்வட்டத்தால் குறித்தார்கள். சுழற்சிச் சோதனைக்கு அது வசதி, நீள்வட்டத்தைச் சுழற்றினால் நீள்வட்டமாகவே இருக்கும். உங்கள் சொந்தத் தரவை நீங்களே குறிப்பதாக இருந்தால் கட்டத்தோடு நிற்காமல் இரு கண், மூக்கு நுனி, இரு வாய்க்கோடி என்று ஐந்து புள்ளிகளையும் குறித்துவிடுங்கள். அவற்றிலிருந்து எந்தக் கோணத்துக்கும் கட்டத்தை மறுபடி கட்டலாம்.

கேள்வி: ஓப்பன்சிவியின் யூநெட் (YuNet) என்ற முகங்காண் மாடல் தரும் கண் புள்ளிகளைக் கொண்டு முகத்தை நிமிர்த்துகிறேன். சில முகங்கள் நிமிர்ந்த பிறகு தலைகீழாக இருக்கின்றன. சில எதிர்ப்பக்கமாக இன்னும் அதிகம் சாய்கின்றன.
(ஆராய்ச்சி மாணவர், யாழ்ப்பாணம்)

தலைகீழாவது, விகிதத்திலிருந்து கோணத்தைச் சொல்லும் ஆர்க்டான் செய்யும் வேலை. உயர வித்தியாசத்தை அகல வித்தியாசத்தால் வகுத்து ஆர்க்டான் எடுத்தால் விடை −90 முதல் 90 வரை மட்டுமே வரும். 180 பாகை திரும்பிய முகமும் 0 என்றே வரும். இரண்டு வித்தியாசங்களையும் தனித்தனியாக வாங்கும் ஏடான்2 செயற்கூற்றைப் பயன்படுத்துங்கள். யூநெட்டின் ஒவ்வொரு வரியிலும் 15 எண்கள்: கட்டத்துக்கு நான்கு, பிறகு வலக்கண், இடக்கண், மூக்கு நுனி, வலது வாய்க்கோடி, இடது வாய்க்கோடி என்று ஐந்து புள்ளிகளுக்குப் பத்து, கடைசியில் மதிப்பெண். வலம் இடம் எல்லாம் படத்தில் இருப்பவருடையது. நிமிர்ந்த முகத்தில் அவருடைய வலக்கண் படத்தின் இடப்பக்கம் இருக்கும். ஆகவே இடக்கண்ணிலிருந்து வலக்கண்ணைக் கழியுங்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

எதிர்ப்பக்கம் சாய்வது குறிச் சிக்கல். படத்தில் ஒய் கீழ்நோக்கி வளர்கிறது. வலஞ்சுழியாகச் சாய்ந்த முகத்துக்கு ஏடான்2 நேர்மறைக் கோணம் தரும். ஓப்பன்சிவியின் சுழற்சி அணியோ நேர்மறைக் கோணத்தை இடஞ்சுழியாக எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுவதால் கிடைத்த கோணத்தை அப்படியே கொடுப்பதுதான் சரி. பள்ளிக் கணக்கு நினைவில் முன்னால் ஒரு கழித்தல் குறி போட்டால் சாய்வு இரட்டிப்பாகும்.

இரண்டு புள்ளிகளை மட்டும் நம்பவும் வேண்டாம். கண்களுக்கு இடையே 20 பிக்சல்தான் இருந்தால், ஒரு கண் ஒரு பிக்சல் நகர்ந்தாலே கோணம் கிட்டத்தட்ட 3 பாகை மாறும். 10 பிக்சல் என்றால் 6 பாகை. பக்கவாட்டில் 60 பாகை திரும்பிய முகத்தில் கண்களின் இடைவெளி பாதியாகிவிடும், பிழை இரட்டிப்பு. ஐந்து புள்ளிகளையும் நிமிர்ந்த முகத்தின் நிலையான ஒரு வார்ப்பின் மேல் பொருத்தி, சுழற்சி, அளவு, நகர்வு மூன்றையும் ஒரே முறையில் கணக்கிடுவது உறுதியானது. முக அடையாளம் காணும் ஆர்க்ஃபேஸ் போன்ற மாடல்கள் 112-க்கு 112 சட்டகத்தில் இப்படி ஐந்து புள்ளிகள் பொருத்தப்பட்ட முகத்தைத்தான் எதிர்பார்க்கின்றன.

யூநெட்டில் இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. படத்தை 90 பாகை திருப்பினால் 640-க்கு 480 என்பது 480-க்கு 640 ஆகிறது. உள்ளீட்டு அளவை மறுபடி சொல்லாவிட்டால் பிழை வரும். மேலும் அந்த மாடல் சுமார் 10 முதல் 300 பிக்சல் வரையிலான முகங்களுக்குப் பயிற்சி பெற்றது. 12 மெகாபிக்சல் செல்ஃபியில் முகம் ஆயிரம் பிக்சலைத் தாண்டும். "சாய்ந்ததால் பிடிக்கவில்லை" என்று எழுதிவரும் புகார்களில் சில உண்மையில் முகம் பெரிதாக இருந்ததால் வந்தவை. படத்தைச் சுருக்கிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பயிற்சியின்போதே எல்லாக் கோணத்திலும் படங்களைச் சுழற்றிக் கொடுத்துவிட்டால் ஒரே மாடல் போதாதா? சுழன்ற முகங்களுக்கென்றே அமைந்த பிசிஎன் போன்ற தனி அமைப்பு எதற்கு?
(இயந்திரக் கற்றல் பயில்பவர், பெங்களூரு)

போதும், ஆனால் விலை உண்டு. கன்வல்யூஷன் (சிறு வடிகட்டிகளைப் படம் முழுவதும் நகர்த்திப் பார்க்கும் கணக்கு) இடமாற்றத்தைத்தான் தானாகக் கையாளும், சுழற்சியை அல்ல. நேரான கண்ணைக் காணும் வடிகட்டிக்கு, 90 பாகை திரும்பிய கண் வேறு ஒரு வடிவம். எல்லாக் கோணத்தையும் கற்பித்தால் ஒவ்வொரு கோணத்துக்கும் வடிகட்டிகள் ஒதுக்கியாக வேண்டும். பெரிய மாடலில் இடம் இருக்கும். போனில் ஓடும் சிறிய மாடலில் நேரான முகத்தின் துல்லியத்திலிருந்துதான் அந்த இடத்தை எடுக்க வேண்டியிருக்கும். பொய் முகங்களும் கூடும், ஏனென்றால் இப்போது எந்தத் திசையில் இரண்டு இருண்ட புள்ளிகள் இருந்தாலும் அது கண்ணாக இருக்கலாம்.

2018-ல் சீன அறிவியல் அகாதமியின் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிசிஎன், வேலையை மூன்று எளிய கேள்விகளாகப் பிரித்தது. முதல் சிறு வலை மேலா கீழா என்று மட்டும் கேட்கும். கீழ் என்றால் 180 பாகை திருப்பும். மீதி −90 முதல் 90 வரை. இரண்டாவது வலை இடமா, நேரா, வலமா என்று கேட்டு, தேவைப்பட்டால் 90 பாகை திருப்பும். மீதி −45 முதல் 45 வரை. மூன்றாவதுதான் துல்லியமான கோணத்தை எண்ணாகச் சொல்லும். 130 பாகை சாய்ந்த முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 180 கழித்தால் −50, அதோடு 90 கூட்டினால் 40, மூன்றாம் வலை அந்த 40-ஐக் கண்டுபிடிக்கும். திருப்பிச் சேர்த்தால் 180 − 90 + 40 = 130.

முதல் இரண்டு திருப்பலுக்கும் கணக்கு வேலையே இல்லை என்பதுதான் இதன் சாமர்த்தியம். படத்தை 90, −90, 180 என்று மூன்று முறை முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜன்னலையும் பொருத்தமான பிரதியிலிருந்து வெட்டியெடுக்கிறார்கள். பெரும்பாலான ஜன்னல்கள் முதல் இரண்டு வலையிலேயே கழிந்துவிடும். 95 பாகை போன்ற எல்லை முகத்தை முதல் வலை 'மேல்' என்று தவறாகச் சொன்னாலும் மோசம் போகாது. இரண்டாம் வலை 90 பாகை திருப்பி 5-க்குக் கொண்டுவந்துவிடும்.

நீங்களே பயிற்சி கொடுப்பதாக இருந்தால் இரண்டு இடத்தில் கால் இடறும். ஒன்று, வெட்டிய முகத்தைச் சுழற்றினால் மூலைகளில் கறுப்பு முக்கோணங்கள் விழும். அந்த முக்கோணங்களின் சாய்வை வைத்தே வலை கோணத்தைச் சொல்லக் கற்றுக்கொள்ளும். பயிற்சியில் அபாரமான மதிப்பெண், உண்மைப் படத்தில் பூஜ்யம். 48 பிக்சல் ஜன்னல் வேண்டுமானால் 68 பிக்சல் சதுரத்தை வெட்டி, சுழற்றி, நடுவிலிருந்து 48-ஐ எடுங்கள். மற்றொன்று, கோணத்தை ஒரே எண்ணாகக் கற்பிப்பது. 359-க்கும் 1-க்கும் உண்மையில் 2 பாகைதான் வித்தியாசம், பிழைக் கணக்கோ 358 என்று சொல்லும். வலை குழம்பி நடுவில் 180 என்று பதில் தரும். சைன், கோசைன் இரண்டையும் தனித்தனி வெளியீடாகக் கற்பித்து, பிறகு ஏடான்2 எடுங்கள். அல்லது பிசிஎன் செய்வதுபோல முதலில் வகையாகப் பிரித்துவிட்டுக் குறுகிய எல்லைக்குள் மட்டும் எண்ணைக் கேளுங்கள்.

முகங்கள் எந்தக் கோணத்திலும் வரக்கூடிய நேரலைக் காணொளிக்குப் பிசிஎன் பாணி ஏற்றது. சேமித்த படங்களை இரவோடு இரவாக ஓட்டுபவர் நல்ல பொதுக் கண்டறிவானை நான்கு திசையில் ஓட்டினால் போதும், பராமரிப்பும் சுலபம்.

கேள்வி: பழைய குடும்ப ஆல்பப் பக்கங்களை ஸ்கேன் செய்கிறோம். ஒரே பக்கத்தில் நான்கைந்து படங்கள் வெவ்வேறு சாய்வில் ஒட்டியிருக்கின்றன.
(ஆவணக் காப்பாளர், மதுரை)

முகத்தைத் தேடுமுன் படங்களைப் பிரியுங்கள். பக்கத்தின் பின்னணி நிறத்தைக் கழித்து, மிஞ்சும் ஒவ்வொரு திட்டுக்கும் மிகச்சிறிய சாய்ந்த செவ்வகத்தைப் பொருத்தி, அதன் நான்கு மூலைகளைக் கொண்டு நிமிர்த்துங்கள். ஓப்பன்சிவி அந்தச் செவ்வகத்தோடு தரும் கோண எண்ணை நம்ப வேண்டாம், பதிப்பு மாறியபோது அதன் வழக்கமும் மாறியது. மூலைகள் மாறவில்லை.

நிமிர்த்திய படம் நான்கில் ஒரு திசையில் இருக்கும். நான்கிலும் கண்டறிதலை ஓட்டி, ஒவ்வொரு திசையிலும் முகங்களின் மதிப்பெண்களைக் கூட்டுங்கள். முதலாவது இரண்டாவதைவிட ஒன்றரை மடங்காவது இருந்தால் ஏற்கலாம், இல்லாவிட்டால் மனிதர் பார்க்கட்டும். கூட்டப் படங்களில் முகம் 5 மில்லிமீட்டர் உயரம்தான் இருக்கும். 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அது 59 பிக்சல், 600-ல் 118. டிலிப் நூலகத்தின் ஹாக் கண்டறிவான் 80 பிக்சலுக்குக் குறைந்த முகத்தைப் பெரிதாக்காமல் பிடிக்காது. ஆகவே இந்த வேலைக்கு 600 வையுங்கள், கோப்பு பெரிதானாலும் பரவாயில்லை.

கேள்வி: கூரையில் பொருத்திய மீன்கண் கேமராவில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசையில் சாய்ந்து தெரிகிறார்கள்.
(கண்காணிப்புக் கருவி நிறுவுபவர், கோவை)

அது தாறுமாறான சாய்வல்ல. கீழ்நோக்கிய மீன்கண் லென்சில் எல்லோருடைய தலையும் மையத்திலிருந்து வெளிப்புறம் நோக்கியே இருக்கும். ஆக, இடம் தெரிந்தால் கோணமும் தெரியும். படத்தைத் துருவ ஆயங்களில் (மையத்திலிருந்து தூரம், கோணம் என்று) விரித்தால் எல்லோரும் வரிசையாக நின்றுவிடுவார்கள். தலைகீழாக நின்றால் செங்குத்தாக ஒருமுறை புரட்டாமல் 180 பாகை சுழற்றுங்கள், புரட்டினால் இடம் வலம் மாறும். 0 பாகையும் 360 பாகையும் சந்திக்கும் தையலில் நிற்பவர் இரண்டாகப் பிளப்பார். தொடக்கத்தின் ஒரு பட்டையைக் கடைசியிலும் ஒட்டிக்கொண்டால் சரியாகும். மையத்துக்கு நேர் கீழே நிற்பவரின் உச்சந்தலைதான் தெரியும், அங்கே முகத்தைத் தேடிப் பயனில்லை. முகம்தான் முக்கியம் என்றால் வாசலில் தலை உயரத்துக்குச் சற்று மேலே சாதாரணக் கேமரா ஒன்றை வையுங்கள்.

கேள்வி: ஹார் கேஸ்கேட்டின் பக்கவாட்டு முக மாதிரி ஒரு பக்கம் திரும்பியவர்களை மட்டும் பிடிக்கிறது. படத்தைச் சுழற்ற வேண்டுமா?
(பாலிடெக்னிக் ஆசிரியர், சேலம்)

வேண்டாம், இது யா. அந்த மாதிரி ஒரு பக்கத்துக்கு மட்டும் பயிற்சி பெற்றது. படத்தை இட வலமாகப் புரட்டி இரண்டாம் முறை ஓட்டுங்கள். கிடைக்கும் கட்டத்தின் புதிய இட ஓரம் = படத்தின் அகலம் − பழைய இட ஓரம் − கட்டத்தின் அகலம். கட்டத்தின் அகலத்தைக் கழிக்க மறந்தால் கட்டம் முகத்துக்குப் பக்கத்தில் போய் விழும்.